எல்ஜின்ஹா: வானத்துல இருந்து கண்டுபிடிச்ச ஒரு சின்ன ரோமக் கோட்டை, அதைத் தோண்டினப்போ கிடைச்ச கதை

ஸ்காட்லாந்துல எடின்பரோவுக்குத் தென்கிழக்குல டால்கீத்னு ஒரு ஊர் இருக்கு, அதுக்குப் பக்கத்துல நார்த் எஸ்க் ஆறு ஓடுது. அந்த ஆத்துக்கு மேல இருக்கிற மேட்டு நிலத்துல 1979ல ஒரு ரோமக் கோட்டை இருக்குறதைக் கண்டுபிடிச்சாங்க. அது வரைக்கும் அங்க ஒரு கோட்டை புதைஞ்சு கெடக்குன்னு யாருக்கும் தெரியாது. தரையில நின்னு பாத்தா மதில் இல்ல, மேடு இல்ல, ஒரு கல்லு கூட இல்ல. எத்தனையோ தலைமுறையா உழுது உழுது எல்லாம் மட்டமாயிடுச்சு. விமானத்துல பறந்து போய் எடுத்த போட்டோல தான் அது வெளிய வந்துச்சு. கோட்டைக்கு எல்ஜின்ஹான்னு பேரு வச்சாங்க, அந்த இடத்தோட பேரே தான், ரோமர்கள் அதை என்னன்னு கூப்பிட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எந்தக் கல்வெட்டும் சொல்லல.

இந்தக் கோட்டையைப் பத்தி விரிவா எழுதணும்னு எனக்கு ஏன் தோணுச்சுன்னா, ஏரியல் ஆர்க்கியாலஜி, அதாவது வானத்துல இருந்து பழைய இடங்களைத் தேடுறதுன்னாலே நம்ம ஆளுங்க மேல இருந்து எடுத்த அழகான போட்டோவைப் பாத்துட்டு "அப்பா, எவ்ளோ க்ளியரா தெரியுது"ன்னு ஷேர் பண்ணிட்டு அதோட விட்டுடுறாங்க. போட்டோ ஒரு இடத்தை காட்டும், அதோட வடிவத்தை காட்டும். அது எந்த வருஷம் கட்டினது, எந்த வருஷம் காலி பண்ணது, காலி பண்ணதுக்கு அப்புறம் அங்க என்ன நடந்துச்சு, இதெல்லாம் மண்ணைத் தோண்டினா தான் கிடைக்கும். எல்ஜின்ஹால இந்த ரெண்டு வேலையும் நடந்திருக்கு, அதுவும் ரெண்டாவது வேலை வேற எங்கயும் நடக்காத அளவுக்கு முழுசா நடந்திருக்கு. அதனால போட்டோ எவ்வளவு சொல்லும், மண்வெட்டி எவ்வளவு சொல்லும்னு ஒரே இடத்துல வச்சு பாக்க முடியுது.

முதல்ல அந்த போட்டோல கோட்டை எப்படித் தெரியுதுன்னு சொல்லிடறேன், இது புரிஞ்சா தான் மத்ததெல்லாம் புரியும். ரோமப் படை எங்க கோட்டை கட்டினாலும் சுத்தி அகழி வெட்டும், வி ஷேப்ல, ஆள் உயரத்துக்கு, சில இடத்துல அதுக்கும் மேல. வெட்டின மண்ணு, புல்லோட சேத்து செதுக்கி எடுத்த மண்கட்டி, இதையெல்லாம் அடுக்கி உள்பக்கம் கரை எழுப்பி அதுக்கு மேல மரவேலி போடுவாங்க. படை போனதுக்கு அப்புறம் கரை சரிஞ்சு அகழிக்குள்ள விழும், காத்து, மழை, ஏர் எல்லாம் சேந்து கொஞ்ச நூறு வருஷத்துல நிலம் சமமாயிடும். ஆனா அகழி ரொம்பின மண்ணும் சுத்தி இருக்கிற கன்னி மண்ணும் ஒன்னு கிடையாது. ரொம்பின மண்ணு ஆழமா, சத்தா, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிற மண்ணா இருக்கும், சுத்தி இருக்கிறது சரளையா இருந்தா தண்ணி சட்டுனு வடிஞ்சிடும். இப்போ அது மேல பார்லியோ கோதுமையோ போட்டிருக்காங்கன்னு வைங்க. மழை நல்லா பெய்யுற வருஷத்துல எல்லாப் பயிருக்கும் தண்ணி கிடைக்கும், வித்தியாசமே தெரியாது. மழை பொய்ச்ச வருஷத்துல தான் கதை மாறும். சரளை மேல நிக்கிற பயிர் சீக்கிரம் காஞ்சு மஞ்சளாகும், அகழிக்கு மேல நிக்கிற பயிரோட வேர் கீழ இறங்கி ஈரத்தைத் தேடிப் பிடிச்சுக்கும், அதனால உயரமா, பச்சையா, இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். மேல இருந்து பாத்தா மஞ்சள் வயலுக்கு நடுவுல பச்சைக் கோடு. உள்ள கல் சுவரோ கல் பாவின ரோடோ இருந்தா இதுக்கு நேர் எதிரா நடக்கும், அது மேல மட்டும் பயிர் குட்டையா வெளிறிப் போய் நிக்கும். இதைத் தான் கிராப் மார்க்னு சொல்றாங்க, நாம பயிர்த்தடம்னு சொல்லிக்கலாம்.

தானியப் பயிர்கள்ல இது நல்லா விழும், அதுலயும் பார்லி ரொம்ப நல்லா காட்டும், புல்வெளில விழணும்னா கடுமையான வறட்சி வேணும். பிரிட்டன்ல ஜூன் கடைசிலருந்து ஜூலை வரைக்கும் தான் இதுக்கு சீசன், ஒவ்வொரு வயல்லயும் தடம் பளிச்சுன்னு தெரியுறது கொஞ்ச நாள் தான், கதிர் முழுசா பழுத்துட்டா எல்லாம் ஒரே கலர் ஆயிடும், இல்ல அறுவடை ஆயிடும். அதனால பறக்குறவங்க வறட்சியான கோடைல திரும்பத் திரும்பப் போவாங்க, போன வருஷம் ஒண்ணுமே தெரியாத வயல்ல இந்த வருஷம் முழு கோட்டை தெரியலாம். இறக்கை மேல இருக்கிற சின்ன செஸ்னா மாதிரி விமானம், ஜன்னலைத் திறந்து வச்சு கையில கேமராவோட சாய்வா எடுக்குறது, நேர் கீழ பாத்து எடுக்குறதை விட இந்த சாய்வு போட்டோல தான் பயிரோட உயர வித்தியாசமும் நிழலும் நல்லா விழும்.

இந்த முறை ஒரே நாள்ல வந்துடல. முதல் உலகப் போர்ல விமானத்துல அப்சர்வரா பறந்த ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்ட் தான் 1920கள்ல இதை ஒரு ஆய்வு முறையா நிறுத்தினாரு, அவரு பிரிட்டன் அரசோட வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேல தொல்லியல் அதிகாரி. 1930கள்ல ஸ்காட்லாந்து மேலயும் ரோம இடங்களைத் தேடிப் பறந்திருக்காரு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட 1945லருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோட ஜே.கே. செயின்ட் ஜோசப் பறக்க ஆரம்பிச்சாரு, மனுஷன் அடிப்படையில ஜியாலஜிஸ்ட், ஆனா ரோமப் படை மேல அவ்வளவு பிடிப்பு, பிரிட்டன்ல இன்னைக்கு தெரிஞ்சிருக்கிற ரோமக் கோட்டைகள், தற்காலிக முகாம்கள்ல பெரிய பங்கு அவரு கண்ணுல பட்டது. 1949 வறட்சி அவருக்கு நல்லா கை கொடுத்துச்சு. அப்புறம் 1976ல பிரிட்டன் முழுக்க பயங்கர வறட்சி வந்துச்சு, அதே வருஷம் ஸ்காட்லாந்தோட பழஞ்சின்னங்களுக்கான ராயல் கமிஷன் சொந்தமா வான்வழி சர்வே ஆரம்பிச்சாங்க. எடின்பரோவுல ஆபீஸ் இருக்கிற ஆளுங்களே பறக்க ஆரம்பிச்சதுல ஒரு பெரிய லாபம் என்னன்னா கேம்பிரிட்ஜ்ல இருந்து கெளம்பி வர்றவருக்கு கிடைக்கிற நாள் கம்மி, இவங்க வானம் தெளிஞ்ச அன்னைக்கே போயிடலாம். மூணே வருஷத்துல, எடின்பரோ வாசல்லயே எல்ஜின்ஹா மாட்டுச்சு.

கமிஷன்ல ரோம விஷயங்களுக்கு இருந்தவரு கோர்டன் மேக்ஸ்வெல். ட்ரம்க்வாசில், எல்ஜின்ஹா, உட்ஹெட்னு மூணு புது இடங்களை ஒண்ணா சேத்து 1983ல ஒரு கட்டுரை போட்டாரு. எல்ஜின்ஹாவைப் பாத்ததும் ரோமக் கோட்டைன்னு எப்படி உறுதியா சொன்னாங்கன்னா அந்த வடிவம் தான், மூலை வளைஞ்ச நீள்சதுரம், சீட்டாட்டக் கார்டு மாதிரி. பிரிட்டன்ல வேற எந்தக் காலத்து ஆளும் இந்த வடிவத்துல இவ்வளவு ஒழுங்கா அகழி வெட்டல. வாசல் வர்ற இடத்துல அகழி நின்னு இடைவெளி விட்டுத் தொடரும், அதுவும் தெரியும். இடமும் ஒத்து வந்துச்சு. யார்க்ல இருந்து வடக்க ஃபோர்த் கழிமுகத்துக்கு வர்ற ரோம ரோடு, இப்போ டீர் ஸ்ட்ரீட்னு சொல்றாங்க, அது நார்த் எஸ்க் ஆத்தைத் தாண்டுறது இந்தப் பக்கம் தான். ஆத்தைத் தாண்டுற இடத்துல ஒரு காவல் இல்லாம ரோமப் படை விட்டிருக்காது.

இதுல ஒரு பழைய குழப்பமும் தீந்துச்சு. அந்த ரோட்டுல தெற்கே நியூஸ்டெட்ல பெரிய கோட்டை இருந்தது 1900களோட ஆரம்பத்துலயே ஜேம்ஸ் கர்ல் தோண்டி எடுத்துட்டாரு. வடக்கே எஸ்க் ஆறு கடல்ல சேர்ற இடத்துல இன்வரெஸ்க்ல ஒரு கோட்டை இருக்கு, ஆனா அது ரெண்டாம் நூற்றாண்டு கோட்டை, அன்டோனைன்னு சொல்ற ரோமப் பேரரசர்கள் காலத்துது. அப்போ முதல் நூற்றாண்டுல, ரோமப் படை முதல் தடவையா ஸ்காட்லாந்துக்குள்ள வந்தப்போ, இந்த ஆத்தங்கரைக்கு யாரு காவல்? அந்தக் காலி இடத்துல எல்ஜின்ஹா கச்சிதமா வந்து உக்காந்துச்சு. ஆனா இது வரைக்கும் இதெல்லாம் ஊகம் தான், நல்ல ஊகம், அவ்வளவு தான். அந்தப் பச்சைக் கோட்டுல தேதி எழுதியிருக்காதே. முதல் நூற்றாண்டு அகழியும் ரெண்டாம் நூற்றாண்டு அகழியும் மேல இருந்து பாத்தா பெரும்பாலும் ஒரே மாதிரி தான் தெரியும்.

அப்புறம் அந்த நிலத்துல கட்டிட வேலை வரப்போகுதுன்னு ஆச்சு. அதனால 1986-87ல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தோட வில்லியம் ஹான்சன் தலைமையில தோண்டினாங்க. வழக்கமா ஒரு ரோமக் கோட்டையை யாரும் முழுசா தோண்ட மாட்டாங்க. அங்கங்க நீளக் குழி போட்டு, வாசல் ஒண்ணு, படைவீட்டோட ஒரு மூலை, நடுவுல தலைமைக் கட்டிடத்துல கொஞ்சம்னு பாத்துட்டு மீதியை "இந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பக்கமும் இருக்கும்"னு கோடு போட்டு ரொப்பிடுவாங்க. பணமும் நேரமும் பத்தாது, எதிர்காலத்துல வர்றவங்களுக்கு மண்ணை மிச்சம் வைக்கணும்ங்கிற நல்ல எண்ணமும் உண்டு. இங்க எப்படியும் அழியப்போகுதுங்கிறதால மண்ணை மிச்சம் வைக்கணும்ங்கிற பேச்சே வரல. கோட்டையோட உள்பக்கம் ஏறக்குறைய முழுசையும் திறந்துட்டாங்க, பக்கத்துல ஒட்டியிருந்த இணைப்பு வளாகத்துலயும் பெரிய பரப்பு திறந்தாங்க. லெஜியன்னு சொல்ற ரோமரோட முக்கியப் பெரும்படைக்கு உதவியா இருந்த சின்னப் படைகள் தான் துணைப்படை, அவங்களுக்கு மரத்துல கட்டின கோட்டைகள்ல இந்த அளவுக்கு முழுசா தோண்டினது ரோமப் பேரரசு முழுக்கவே வேற கிடையாதுன்னு சொல்றாங்க.

மரத்துல கட்டினதுன்னு சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், மரம் மக்கிப் போயிருக்குமே, என்னத்தைப் பாத்தாங்கன்னு. இந்த வேலையோட நுணுக்கமே அங்க தான் இருக்கு. ரோமப் படை கட்டிடம் கட்டுறப்போ ஒவ்வொரு சுவருக்கும் ஒரு குறுகலான பள்ளம் வெட்டும், அதுல வரிசையா மரத்தூண் நட்டு மண்ணைப் போட்டு கெட்டிக்கும், தூணுக்கு நடுவுல குச்சி பின்னி களிமண் பூசும். ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு மேல் மண்ணை மெஷின் வச்சு வழிச்சு எடுத்துட்டு, மீதியைக் கையால சுரண்டிச் சுத்தம் பண்ணா, அந்தப் பள்ளம் சுத்தி இருக்கிற மண்ணை விட கொஞ்சம் கருப்பான ஒரு பட்டையா தெரியும். அந்தப் பட்டைக்குள்ளயே இன்னும் உத்துப் பாத்தா தூண் நின்ன இடம் தனியா ஒரு சின்ன திட்டா தெரியும், தூணை ஆட்டி ஆட்டி பிடுங்கி எடுத்திருந்தா அந்தத் திட்டு ஒரு பக்கம் இழுத்த மாதிரி அகலமா இருக்கும். அப்படிப் பட்டை பட்டையா வரைஞ்சு சேத்தா முழு கோட்டையோட பிளான் வந்துடும். விமானத்துல இருந்து அகழி தெரிஞ்சுது, இந்தக் குறுகின சுவர்ப் பள்ளங்கள் ஆழம் கம்மி, பயிர் அதைக் காட்டுறது ரொம்ப அபூர்வம். அதனால உள்ள என்ன இருந்துச்சுங்கிறது இந்தச் சுரண்டுற வேலைல தான் வந்துச்சு.

உள்பக்கம் சுமார் 3 ஏக்கர் தான். ரோமப் படை அளவுல இது சின்னது, டே ஆத்தங்கரைல இன்ச்டூதில்னு ஒரு லெஜியன் கோட்டை இருக்கு, அது 50 ஏக்கருக்கு மேல. ஆனா அந்த 3 ஏக்கர்க்குள்ள எல்லாமே இருந்துச்சு. நடுவுல தலைமைக் கட்டிடம், பக்கத்துல தளபதி வீடு, தானியக் கிடங்கு, பட்டறை, முன்னாடியும் பின்னாடியும் வரிசையா படைவீடுங்க. தானியக் கிடங்கைக் கண்டுபிடிக்கிறது சுலபம், ஈரம், எலி ஏறாம இருக்க தரையை உயர்த்திக் கட்டுவாங்க, அதனால நெருக்க நெருக்கமா தூண் வரிசை வரும். இணைப்பு வளாகத்துல பெரிய கட்டிடம் எதுவும் இல்ல, அடுப்பு, நெருப்பு வச்சு செய்யுற வேலைகள், வண்டி மாடு நிக்கிறதுன்னு புழக்கத்துக்கான இடம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். தலைமைக் கட்டிடத்தோட அடித்தளப் பள்ளத்துல 45 வெள்ளிக் காசு, டெனாரியஸ், ஒண்ணா கிடைச்சுது. அந்தப் பள்ளத்துல கிடைச்சதால, கட்டிடம் எழும்புறப்போவே உள்ள போனதுன்னு அர்த்தம். கட்டின பிறகு யாரும் அதைத் தோண்டி எடுக்க முடியாது, மேல சுவர் வந்துடுச்சு. அந்த 45 காசுல கடைசியா அச்சடிச்சது கி.பி. 77-78. ஒரு லெஜியன் வீரனோட வருஷ சம்பளம் அந்தக் காலத்துல 225 டெனாரியஸ், அப்போ இது சரியா அஞ்சுல ஒரு பங்கு. துணைப்படை ஆளுக்கு சம்பளம் இன்னும் கம்மி. யாரோ வேலைக்கு நடுவுல பத்திரமா ஒளிச்சு வச்சு எடுக்க முடியாம போச்சா, இல்ல கட்டிடத்துக்கு மங்கலமா இருக்கட்டும்னு படையே காணிக்கையா போட்டுதா, ரெண்டு பக்கமும் பேசலாம். காணிக்கைக்கு 45 காசு ரொம்ப ஜாஸ்தின்னு எனக்குத் தோணுது. ஒரு ஆளோட சேமிப்பா தான் அதைப் பாக்கத் தோணுது, அதை அவன் திரும்ப எடுக்கவே இல்லங்கிறது மனசைப் போட்டுப் பிசையுது.

தேதி விஷயத்துல இந்தக் காசு பண்ணின வேலை பெருசு. ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் தன்னோட மாமனார் அக்ரிகோலாவைப் பத்தி எழுதின வாழ்க்கை வரலாற்றுல, அவரு பிரிட்டனுக்கு கவர்னரா வந்து மூணாவது வருஷப் படையெடுப்புல டே கழிமுகம் வரைக்கும் போனாரு, போற வழியில கோட்டைகள் கட்டவும் நேரம் இருந்துச்சு, இவரு மாதிரி இடம் தேர்ந்தெடுக்க ஆளே இல்லன்னு எழுதியிருக்காரு. ஆனா அக்ரிகோலா வந்தது 77லயா 78லயான்னு ரொம்ப நாளா சண்டை, டாசிடஸ் வருஷம் போட்டு எழுத மாட்டாரு. 77னா மூணாவது வருஷம் 79. கடைசிக் காசு 77-78 இருக்கிற ஒரு சேமிப்பு, கோட்டை கட்டுறப்போவே மண்ணுக்குள்ள போகுதுன்னா 79 நல்லா பொருந்துது. மாமனார் பெருமை பேசுற ஒரு மருமகன் எழுத்துக்கு, சம்பந்தமே இல்லாத ஒரு ஆளோட முடிச்சுல இருந்து சாட்சி வருது பாருங்க.

இந்த இடத்துல நம்ம பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். ரோம எழுத்தாளர் பிளினி தன்னோட பெரிய அறிவுத் தொகுப்பை, பேரரசரோட மகன் டைட்டஸுக்கு சமர்ப்பிச்சது 77ல, அதுல தான் முசிறி வருது, இந்தியாவுக்கு ரோமப் பணம் போய்க்கிட்டே இருக்குன்னு புலம்பலும் வருது. அதாவது சேர நாட்டு மிளகுக்கு ரோமக் காசு கொட்டின அதே காலம். எல்ஜின்ஹாவுக்குத் தெற்கே விண்டோலாண்டாங்கிற கோட்டைல, சுமார் கி.பி. 100ஐ ஒட்டி எழுதின மெல்லிய மரச்சீவல் ஓலைங்க கிடைச்சுது, அதுல ஒரு வீரனோட கணக்குல மிளகு 2 டெனாரியஸ்னு எழுதியிருக்கு. வடகோடிக் காவல் கோட்டைல குளிர்ல நின்ன ஒரு சாதாரணப் படைவீரன் மிளகு வாங்கியிருக்கான், அந்த மிளகு நம்ம மேற்குக் கரைல இருந்து போனது. கரூர், கோவைப் பக்கம் கிடைச்ச டெனாரியஸ் புதையல்கள்ல பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசு தான், எல்ஜின்ஹா சேமிப்பு அதுக்குப் பிந்தினது, ஆனா ஒரே நாணய முறை தான்.

கோட்டை எத்தனை நாள் இருந்துச்சுன்னா, ரொம்ப கம்மி, ஏழெட்டு வருஷம். முடிவுத் தேதியும் காசு தான் சொல்லுது. 86ல அச்சடிச்ச வெண்கலக் காசு கிட்டத்தட்ட தேயாம கிடைச்சிருக்கு, அதுக்கு அப்புறம் வந்த காசு இல்ல. அதாவது புதுக் காசு கைக்கு வந்து புழங்குறதுக்குள்ள படை கெளம்பிடுச்சு. இன்ச்டூதில்லயும் இதே கதை, அங்க லெஜியன் கோட்டை கட்டி முடிக்கிறதுக்குள்ளயே உத்தரவு வந்துடுச்சு, எதிரி கையில சிக்கக் கூடாதுன்னு எட்டே முக்கால் லட்சத்துக்கு மேல இரும்பு ஆணியைக் குழியில போட்டு மூடிட்டுப் போனாங்க. காரணம் ஸ்காட்லாந்துல இல்ல, டான்யூப் ஆத்துப் பக்கம். இன்னைக்கு ருமேனியா இருக்கிற பக்கத்து மக்களான டாசியர்கள் 85-86ல ரோமப் படையை அடிச்சு நொறுக்கினாங்க, பேரரசர் டொமிஷியன் பிரிட்டன்ல இருந்து ஒரு லெஜியனைத் தூக்கிட்டுப் போக வேண்டியதாச்சு. ஆள் கம்மியாச்சுன்னா பிடிச்ச நிலத்தை விட்டுத் தான் ஆகணும். ருமேனியாவுல நடந்த தோல்வி எடின்பரோ பக்கத்துல ஒரு சின்னக் கோட்டையோட கதவை மூடுது. எல்ஜின்ஹாவை எதிரி வந்து எரிக்கல, படையே முறையா பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு.

இதோட கதை முடிஞ்சுதுன்னு தான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. வழக்கமான குழி போடுற முறைல தோண்டியிருந்தா அப்படித் தான் எழுதியும் இருப்பாங்க. முழுசா திறந்ததால இன்னொரு கட்டம் தெரிஞ்சுது, கட்டிடங்களைப் பிரிச்சதுக்கு அப்புறமும் அந்த வளாகத்தைக் கொஞ்ச காலம் ரோம ஆளுங்க உபயோகப்படுத்தியிருக்காங்க. ஹான்சன் அதை எப்படி விளக்குறாருன்னா, கால்நடைகளை ஓட்டிட்டு வந்து சேக்குற இடமா வச்சிருந்தாங்கன்னு. ஊர்க்காரங்க கிட்ட இருந்து வரியாவோ படைச் சாப்பாட்டுக்கோ வாங்கின மாடுகளா இருக்கலாம். படை வெளியேறுறதுன்னா ஒரே நாள்ல கூடாரத்தைச் சுருட்டுறதுன்னு நாம படம் போட்டு வச்சிருக்கோம், ஆனா இங்க காவல் போனதுக்கு அப்புறமும் அந்த நிலத்து மேல ரோமப் பிடி கொஞ்சம் இருந்திருக்கு. எந்த போட்டோவும் இதைக் காட்டியிருக்காது, டாசிடஸும் இதைச் சொல்லல. மாட்டுக் கணக்கு எழுதுற இடத்துக்கு அவரு வரமாட்டாரு.

இன்னொரு பெரிய பாடம் சமச்சீர் விஷயம். ரோமக் கோட்டைன்னா இடது பக்கம் ஒரு படைவீடு இருந்தா வலது பக்கம் அதே அளவு படைவீடு இருக்கும்னு ரொம்ப நாளா எடுத்துக்கிட்டாங்க, பாதியைத் தோண்டி மீதியைக் கண்ணாடில பாத்து வரையிற மாதிரி வரைஞ்சிருக்காங்க. எல்ஜின்ஹால முழு பிளானும் கையில வந்தப்போ, அப்படிக் கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சா தப்பா போகும்னு தெரிஞ்சுது, ஒரே மாதிரி தெரியுற கட்டிடங்கள் கூட அளவுல, உள் அறைப் பிரிப்புல வேற வேறயா இருக்கு. இது ஏன் முக்கியம்னா, படைவீடு எத்தனை, அறை எத்தனைன்னு எண்ணித் தான் உள்ள எந்த மாதிரிப் படை இருந்துச்சுன்னு சொல்றாங்க, 8 பேருக்கு ஒரு அறை, 80 பேருக்கு ஒரு படைவீடுன்னு. எண்ணிக்கையே ஊகம்னா அதுக்கு மேல கட்டுற படைக் கணக்கும் ஊகம் தானே. இதுல 1990களோட கடைசில இன்னொரு திருப்பம் வந்துச்சு, வட இங்கிலாந்துல ரோமர்கள் கட்டின எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரோட கிழக்கு முனைல வால்ஸெண்ட் கோட்டைல தோண்டினப்போ படைவீட்டு முன் அறைல குதிரை மூத்திரம் சேர்ற குழி கெடச்சுது, பின் அறைல ஆள், முன் அறைல குதிரைன்னு ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்காங்க. அதுக்கு முன்னாடி தனியா லாயம் இருந்திருக்கும்னு தேடிக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் பழைய பிளான் எல்லாத்தையும் எடுத்து வச்சு திரும்பப் பாக்க வேண்டியதாச்சு. முழு பிளான் இருக்கிற இடத்துல தான் அப்படித் திரும்பப் பாக்கவே முடியும். எல்ஜின்ஹாவோட முழு அறிக்கை 2007ல தான் வந்துச்சு, தோண்டி 20 வருஷம் கழிச்சு. லேட்டுன்னு குறை சொல்றவங்க உண்டு, ஆனா நடுவுல இவ்வளவு விஷயம் மாறினதை உள்ள வாங்கிக்கிட்டு வந்ததால எனக்கு அந்தக் காத்திருப்பு நியாயமா தான் படுது.

வான்வழித் தேடலோட ஓட்டைகளையும் சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. தடம் விழுறதுக்கு மண்ணு ஒத்துழைக்கணும். சரளை, மணல் நிலத்துல அருமையா விழும், கெட்டிக் களிமண்ல வறட்சி வந்தாலும் லேசுல விழாது. மேய்ச்சல் நிலம், காடு, ஊருக்கு அடியில இருக்கிறது எதுவும் தெரியாது. அதனால மேப்ல கோட்டைங்க நெருக்கமா இருக்கிற பகுதி உண்மையிலயே நெருக்கமா இருந்துச்சா, இல்ல அங்க பார்லி போடுறாங்கங்கிறதால அப்படித் தெரியுதான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கணும். கிழக்கு ஸ்காட்லாந்துல விவசாய நிலம் ஜாஸ்தி, மழை கம்மி, கண்டுபிடிப்பும் அங்க தான் குவியுது. பனியுகத்துல நிலம் வெடிச்ச பழைய விரிசல், பழைய ஆத்து வாய்க்கால், போன நூற்றாண்டு வடிகால் குழாய் இதெல்லாம் கூட பச்சைக் கோடா விழும், பழகாத கண்ணு ஏமாந்துடும்.

தேதி, பேரு விஷயத்துல போட்டோவோட எல்லை எங்கன்னு பாக்கணும்னா டர்னோ கதையைப் பாருங்க. 1975ல செயின்ட் ஜோசப் அபர்டீன்ஷையர்ல பென்னாக்கி மலைக்கு எதிர்ல ஒரு பெரிய ரோம முகாமைக் கண்டுபிடிச்சாரு, சுமார் 144 ஏக்கர். அக்ரிகோலா கடைசியா ஜெயிச்ச மோன்ஸ் க்ராபியஸ் போர்க்களம் இது தான்னு அவரு வாதம். இருக்கலாம், மலை இருக்கு, முகாம் இருக்கு. ஆனா அந்த முகாமை அக்ரிகோலா படை தான் போட்டுதுன்னு அடிச்சுச் சொல்ல எல்ஜின்ஹா காசு மாதிரி ஒண்ணு அங்க கையில இல்ல. அதனால இவ்வளவு வருஷமா விவாதம் ஓடிக்கிட்டே இருக்கு.

இதே பிரச்சினை பெரிய அளவுல சிரியாலயும் இருக்கு. அங்க ஃபாதர் ஆன்ட்வான் புவாதெபார்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1920கள், 30கள்ல பைபிளேன்ல பறந்து 116 கோட்டைகளை மேப் பண்ணாரு, வடக்கு தெற்கா ஒரு வரிசையா போகுது, கிழக்கு எல்லைக்கான பாதுகாப்புக் கோடுன்னு சொன்னாரு. 2023ல ஜெஸி கசானா குழு அமெரிக்காவோட பழைய உளவு சாட்டிலைட் படங்களை வச்சுத் தேடினப்போ இன்னும் 396 கிடைச்சுது, அது கிழக்கு மேற்காவும் பரவி இருக்கு. எல்லைச் சுவர் மாதிரி இல்ல, வணிகப் பாதைக்கும் படைப் போக்குவரத்துக்கும் துணையா இருந்திருக்கும்னு இப்போ பேச்சு மாறிடுச்சு. முதல் வரிசை அவரு பறந்த வழியால வந்த வரிசையோன்னு சந்தேகம் வருது இல்லையா. அந்த 396லயும் தோண்டிப் பாத்தது கொஞ்சமே கொஞ்சம், எது எந்த நூற்றாண்டுன்னு பிரிக்கிற வேலை அப்படியே கெடக்கு, போர்ல பல இடங்கள் நாசமும் ஆயிட்டிருக்கு.

ஸ்காட்லாந்துக்கே திரும்ப வந்தா, மேக்ஸ்வெல் 1983 கட்டுரைல எல்ஜின்ஹா கூட சேந்து வந்த ட்ரம்க்வாசில் கோட்டை லாக் லோமாண்ட் ஏரிக்குத் தென்கிழக்குல, ட்ரைமென் ஊர்ப் பக்கம் இருக்கு. அதுவும் 1970கள்ல அதே கமிஷன் ஆளுங்க மேல இருந்து பாத்துக் கண்டுபிடிச்சது, அதுவும் முதல் நூற்றாண்டுக் கோட்டை. அங்க கட்டிடம் வரல, வயலா தான் இருக்கு, சின்ன அளவுல தான் குழி போட்டுப் பாத்திருக்காங்க. நிலம் பத்திரமா இருக்குன்னு சந்தோஷப்படலாம், நானும் படுறேன். ஆனா எல்ஜின்ஹாவுக்கு 79னு ஆரம்பமும் 86-87னு முடிவும் நடுவுல ஒரு ஆளோட 45 காசும் இருக்கு, ட்ரம்க்வாசிலுக்கு அகழியோட கோடும் கொஞ்சம் மண்பாண்டத் துண்டும் தான் இருக்கு.